நிலமும் பொழுதும் பதிய வேண்டும்

அண்மைக் காலத்தில் நம் இளைஞர் சிலரிடம் ஒரு பழக்கம் தோன்றியிருக்கின்றது. தந்தையாரோ பாட்டனாரோ பயன்படுத்தி அலுமாரிக்குள் வைத்த பழைய பிலிம் கமராவை வெளியே எடுத்துத் துடைத்து, கொழும்பிலிருந்தோ வெளிநாட்டு உறவினர் வழியாகவோ சுருள் தருவித்து, சுன்னாகம், கொடிகாமம், பரந்தன், முல்லைத்தீவு என்று சிறு பட்டினங்களிலும் வயற்புறங்களிலும் கடலோரங்களிலும் திரிந்து படம் பிடிக்கின்றனர். பெரியோர் சிலர் இதனைக் கண்டு நகைக்கின்றனர். சட்டைப்பைக்குள் இருக்கும் கைத்தொலைபேசி வேண்டிய மட்டும் படம் எடுக்க, காசைக் கொட்டிப் பன்னிரண்டு படத்துக்காக மாரடிப்பானேன் என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை உண்டு. அவ்விடை இலக்கியம் பயில்வோருக்கும் உரியது என்று கருதுவதனாலேயே இவ்வாரம் அதனை இப்பகுதியில் எடுத்துக்கொண்டேன்.

பிராசீன பாடசாலையில் இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குக் கமராவோடு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பைக் காட்டுபவர் தொல்காப்பியரே. பாட்டின் பொருளை அவர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். கருப்பொருளாவது அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன. உரிப்பொருளாவது அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம். எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்று அறியாமல் ஒரு வாழ்வைப் பாட முடியாது என்பது நம் முன்னோர் துணிபு. இனிக் கமராவை நோக்குக. புலவன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே குறிஞ்சியைப் பாடிவிடலாம். படம் பிடிப்பவனுக்கு அது இயலாது. அவன் அந்த இடத்துக்குச் செல்லவேண்டும். அந்தப் பொழுதில் அங்கே நிற்கவேண்டும். முதற்பொருள் இல்லாமல் ஒரு படமும் பிறவாது. ஆகவே திணை இலக்கணம் பயின்ற நமக்கு இக்கலை அயலானதன்று.

திணை பற்றிய பேச்சில் இன்னுமொரு செய்தியையும் நினைவூட்ட வேண்டும். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கே நிலம் கூறினார். பாலைக்குத் தனி நிலம் கூறினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தபோது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை கூறுகின்றது. பாலையை மாணவருக்கு விளக்கும்போது முற்காலத்து ஆசிரியர் மழை பொய்த்த காட்டை உதாரணம் காட்டினர். நம் தலைமுறை ஆசிரியருக்கு அவ்வளவு தொலைவு செல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு எழுந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் ஓரிரவில் வெறிச்சோடின. 2000 இல் நடந்த போரில் சாவகச்சேரிப் பட்டினம் சிதைந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து, வடமராட்சி கிழக்கு தொடக்கம் மட்டக்களப்பு, அம்பாறை வரையிலான நெய்தல் நிலத்தை வாரிச் சென்றது. 2009 இல் வன்னி நிலம் பட்டதை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை. மருதமும் நெய்தலும்கூடப் பாலையாகும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

பாலையான நிலத்துக்கு மக்கள் மீளும்போது முதலில் எழும் வினா, இது முன்னர் எவ்வாறு இருந்தது என்பது. எல்லைக்கல் எங்கே, கிணறு எங்கே, ஒழுங்கை எந்தப் பக்கம் திரும்பியது, ஆலமரத்தடிக் கடை யாருடையது என்பன அதனைத் தொடர்ந்து எழும் வினாக்கள். இவற்றுக்கு விடை தேடி எஞ்சியுள்ள பழைய ஆல்பங்களைத் திறக்கின்றோம். நான் பார்த்த ஆல்பங்களில் திருமணம் இருக்கின்றது, பூப்புனித நீராட்டு இருக்கின்றது, செத்தவீடு இருக்கின்றது, பாடசாலை விளையாட்டுப் போட்டி இருக்கின்றது. ஊர் இல்லை. மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் படலையின் ஒரு மூலையும், மணப்பெண்ணின் சேலைக்கரைக்கு அப்பால் கிணற்றுக்கட்டின் ஒரு பாதியும் தெரிகின்றன. அவ்வளவே. விழாவை நினைவில் வைக்கவேண்டும் என்று எல்லோரும் எண்ணினர். நாள்தோறும் நடந்த தெருவை யார்தான் படம் பிடிப்பர்? அது எப்போதும் அங்கேயே இருக்கும் என்றல்லவா நம்பினோம்.

இலங்கையின் நாட்டுப்புறத்தை ஒருவரும் படம் பிடிக்கவில்லை என்று இதற்குப் பொருளன்று. பிரெடெரிக் ஃபீபிக் என்பவர் 1852 அளவிலேயே இங்கு வந்து படங்கள் எடுத்தார். ஜோசப் லோட்டன் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலநறுவை, சிகிரியா முதலிய இடங்களின் பழஞ்சின்னங்களைக் கண்ணாடித் தகட்டில் பதிந்தார். பின்னர் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிலையங்கள் தேயிலை மலைகளையும் தென்னஞ்சோலைகளையும் கோயில்களையும் படமாக்கிக் கப்பலில் வந்த பயணிகளுக்கு விற்றன. அவ்வணிகத்தில் மனிதரும் சரக்காயினர். தமிழ்ப் பெண், கூலியாள், மரமேறி என்று இனமும் தொழிலும் படத்தின் கீழ் அச்சாகும், பெயர் அச்சாகாது. ஆங்கிலப் படக்கலையில் பெரும்புகழ் பெற்ற ஜூலியா மார்கிறட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தார். தோட்டத் தமிழ்த் தொழிலாளரை அவர் எடுத்த படங்கள் இன்றும் உலக அரும்பொருட் சாலைகளில் உள்ளன. அம்முகங்கள் நம்மை நேரே நோக்குகின்றன. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் இனி ஒருபோதும் அறியமாட்டோம்.

நம் நாட்டவருள் லயனல் வென்ற் தனியிடம் பெற்றவர். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்த அவர், பயணிகளுக்கு விற்கும் பார்வையிலிருந்து இலங்கைப் படக்கலையை விடுவித்தார். அவர் மறைந்தபின் 1950 இல் இலண்டனில் வெளிவந்த தொகுதியில் இந்நாட்டு ஒளியும் நிழலும் உழைக்கும் உடலும் கலையாக நிற்கின்றன. அவர் தேடியது அழகின் வடிவம். அதனை அவர் நிறைவாகவே அடைந்தார். ஒரு சிற்றூரைச் சந்தி சந்தியாக, வீடு வீடாக, ஆண்டு ஆண்டாகப் பதியும் வேலை வேறு. அதனைச் செய்யவேண்டியவர் அவ்வூரில் வாழ்பவரே.

அத்தகைய வேலை எவ்வாறு நடைபெறும் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. பொருளாதார மந்தமும் வறட்சியும் உழவரை நிலைகுலைத்திருந்த 1935 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டு அரசாங்கத்தின் பிரிவொன்று படம் பிடிப்போரை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அதற்குத் தலைவராக இருந்தவர் றோய் ஸ்றைக்கர். வாக்கர் எவன்ஸ், டொறத்தியா லாங், றசல் லீ முதலியோர் அவரின் கீழ்ப் பணியாற்றினர். ஸ்றைக்கர் அவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1936 இல் சமூகவியல் அறிஞர் றொபேட் லிண்டுடன் உரையாடியபின், சிறு பட்டினம் ஒன்றில் எவற்றைப் பார்க்கவேண்டும் என்று ஒரு பட்டியல் வகுத்தார். மாலையில் வீட்டார் எவ்வாறு பொழுது போக்குகின்றனர்? வசதியுள்ளோர் எங்கே கூடுகின்றனர்? வறியோர் எங்கே கூடுகின்றனர்? ஆடவருக்கு உள்ள அளவு கூடுமிடம் பெண்டிருக்கும் உண்டா? இவ்வாறான வினாக்கள் அப்பட்டியலில் இருந்தன. திணை இலக்கணம் பயின்ற எனக்கு அது கருப்பொருளும் உரிப்பொருளும் வகுத்த ஒரு நூற்பாவாகவே தோன்றுகின்றது. அம்முயற்சியில் எஞ்சிய ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட நெகற்றிவ்கள் வாஷிங்ரனில் உள்ள கொங்கிரஸ் நூலகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

அவ்வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கின்றது. தமக்குப் பிடிக்காத நெகற்றிவ்களில் ஸ்றைக்கர் துளையிடும் கருவியால் துளையிட்டார். துளைபட்டவற்றுள் சில தப்பியிருக்கின்றன. முகத்தின் நடுவே, வயலின் நடுவே ஒரு கரிய வட்டம் தெரிகின்றது. எது பேணத் தகும், எது தகாது என்று ஒருவரே முடிவு செய்தால் நேர்வது அது. இன்று பயனற்றதாகத் தோன்றும் படத்தை நாளைய வாசகன் எதற்காகத் தேடுவான் என்று நாம் அறியோம்.

இனிப் பிலிம் எதற்கு என்ற வினாவுக்கு வருவோம். முதலாவது காரணம் அளவு. 120 என்னும் சுருளில் சதுரப் படம் எடுத்தால் பன்னிரண்டு. 35 மில்லிமீற்றர்ச் சுருளில் முப்பத்தாறு. அதற்குமேல் இல்லை. யாப்பு அறிந்தவர்க்கு இது புதிதன்று. குறளுக்கு ஏழு சீர் என்று வரம்பு இருப்பதனாலேயே வள்ளுவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டு படமே உண்டு என்று அறிந்த மாணவன் சந்தியில் இறங்கியவுடன் கமராவைத் தூக்கமாட்டான். நிற்பான்; பார்ப்பான்; கடைக்காரரோடு பேசுவான்; வெயில் திரும்பட்டும் என்று காத்திருப்பான். அந்தக் காத்திருப்பில்தான் ஊர் கண்ணுக்குப் புலப்படுகின்றது. கைத்தொலைபேசியாலும் அவ்வாறு நின்று பார்க்கலாமே எனில், பார்க்கலாம். பார்ப்பவர் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

இரண்டாவது காரணம் நெகற்றிவ். சுருளின்மேல் பூசிய ஊன்பசையில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் கலந்திருக்கின்றன. ஒளிபட்ட மணிகள் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அடைகின்றன. இருட்டறையில் மருந்தில் இட்டவுடன் அவை கருவெள்ளியாகின்றன. ஒளிபடாதவற்றை ஹைப்போ நீக்கிவிடுகின்றது. முடிவில் எஞ்சுவது, அவ்விடத்து ஒளி தானே வந்து தொட்டுச் சென்ற ஒரு பொருள். அதனைக் காண எந்த யந்திரமும் வேண்டியதில்லை; சாளரத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும். நம்மிடம் அத்தகைய பொருள் முன்னர் ஒன்று இருந்தது. அது பனையோலை ஏடு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லும் துளையும் அரித்த ஏடுகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பிய உரைகளையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியிராவிடில் நாம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு! அவரைப் போற்றும் நாம், நம் வீட்டு இலாச்சிகளில் கடதாசி உறைக்குள் சுருண்டு கிடக்கும் நெகற்றிவ்களை ஏடாகக் கருதுவதில்லை. பிரதியை ஆல்பத்தில் ஒட்டிவிட்டு நெகற்றிவ்வைக் குப்பையில் இடும் வழக்கமே பல வீடுகளில் இருந்தது.

பிலிம் அழியாதது என்று நான் கூறவரவில்லை. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதன் பகை. ஊன்பசையில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய அசற்றேற் சுருள் நாட்பட வினாகிரி மணத்தோடு சுருங்கும். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு, நல்ல கடதாசி உறையில் வைத்தல் வேண்டும். இலத்திரனியற் படமோ பிரதி செய்ய எளியது. தொலைபேசி பழுதானால் ஒருநொடியில் மறைவதும் அதுவே. ஆகவே இரண்டில் ஒன்றைத் தள்ளவேண்டியதில்லை. சுருளில் எடுத்து, வருடியால் பிரதி செய்து, பிரதியைப் பல இடங்களில் வைத்து, நெகற்றிவ்வையும் பேணுதல் நன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் அவற்றோடு கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. அரிய பொருளின் ஒரே பிரதி ஒரே கூரையின்கீழ் இருத்தலாகாது என்பதை நம்மைவிட வேறு எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிலிமின் காலம் முடிந்தது என்று கருதியோரும் உளர். புகழ்பெற்ற கொடாக்குறோம் வண்ணச் சுருளின் உற்பத்தி 2009 இல் நின்றது. 2012 ஜனவரியில் கொடாக் நிறுவனம் கடன்காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஆயினும் கொடாக்கும் இங்கிலாந்தின் இல்போட்டும் இன்றும் சுருள் செய்கின்றன. விலை மிகுதி என்பது உண்மை. மாணவன் ஒருவன் தனியே தாங்கக்கூடிய விலையன்று. அதற்கு வழி என்ன என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நம் நிலத்தின் ஒளியைப் பற்றியும் சில சொற்கள். யாழ்ப்பாணத்து நண்பகல் வெயிலில் கோயிற் சுண்ணாம்பு மதிலும் பனங்கூடலின் நிழலும் ஒரே படத்தில் அடங்கா. ஒன்று வெளுத்துப்போம், அன்றேல் மற்றொன்று கரியாகும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் சாயும் வெயிலில்தான் வேலியின் பின்னலும் தோட்டத்துப் பாத்தியும் தெளிவாகத் தோன்றும். திறந்த வெயிலில் ஒளி அளக்கும் கருவி இல்லையெனினும் கவலையில்லை. துவாரத்தை 16 இல் வைத்து, சுருளின் வேகம் 125 எனின் ஒரு நொடியின் 125 இல் ஒரு பங்கு திறந்தால் படம் கெடாது. பழைய தகடுகள் நீல ஒளியையே மிகுதியும் உணர்ந்தன; செம்மையை உணரவில்லை. அதனாலேயே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய படங்களில் வானம் முகிலின்றி வெறுமையாகவும் செம்மண் கரியதாகவும் தோன்றுகின்றன. இக்காலக் கறுப்பு வெள்ளைச் சுருளில் மஞ்சள் வடிகண்ணாடி ஒன்றை வில்லையின்முன் இட்டால் மாரிக்கு முந்திய முகிற்கூட்டம் அப்படியே பதியும். ஆயினும் வலிகாமத்துச் செம்மண்ணையும் மணற்காட்டின் வெண்மணலையும் வேறுபடுத்திக் காட்ட வண்ணமே வேண்டும். எதற்கு எது என்று தெரிதலும் பயிற்சியே.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கின்றேன். தொல்காப்பியர் கூறிய சிறுபொழுது மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என ஆறு. சுருளில் படம் பன்னிரண்டு. ஓர் ஊர்ச் சந்தியில் ஒரே நாளில் பொழுதுக்கு இரண்டாகப் பன்னிரண்டு படம் எடுக்கச் செய்க. வைகறையில் மரக்கறி மூடைகளோடு சந்தைக்குச் செல்லும் சைக்கிள். விடியலில் பால் கொண்டு செல்வோர். நண்பகலில் ஆளற்ற தெருவும் நிழலில் உறங்கும் நாயும். எற்பாட்டில் பாடசாலை விளையாட்டு முடிந்து வரும் பிள்ளைகள். மாலையில் தேநீர்க்கடை வெளிச்சம். யாமத்தில் முக்காலியின்மேல் கமராவை நிறுத்திப் பிடித்த வெறும் தெருவிளக்கு. இப்பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்த மாணவனுக்குச் சிறுபொழுது என்பது பரீட்சைக்கு மனனம் செய்யும் சூத்திரமாக இராது.

எவற்றை எடுப்பது? துலாக் கிணறு, சங்கடப் படலை, கிடுகு வேலி, பனையோலை வேலி, கதியால் வேலி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல், கேணி, பருத்தித்துறைத் தெருமூடி மடம் என்று பழையன பலவும் நினைவுக்கு வரும். அவற்றை எடுக்கத்தான் வேண்டும். அவற்றோடு நின்றுவிடல் ஆகாது. சைக்கிள் திருத்தும் கடை, வாசிகசாலையில் பத்திரிகை விரித்திருக்கும் முதியோர், தட்டிவான், தவறணை, புகையிலை உணர்த்தும் குடில், கரையில் வலை பொத்தும் கை, வன்னிக் குளக்கட்டில் துருசு திறக்கும் காட்சி, தோட்டத் தொழிலாளரின் லயம், மட்டக்களப்பு வாவியில் வலை வீசும் தோணி, புதிதாக எழுந்த கைத்தொலைபேசிக் கடை, அரைகுறையாக நிற்கும் வீட்டுத்திட்ட வீடு ஆகிய யாவும் இன்றைய கருப்பொருள். ஸ்றைக்கரின் வினாவை நாமும் வினவுவோம்: நம் ஊரில் ஆடவர் கூடச் சந்தி உண்டு, பெண்டிர் எங்கே கூடுகின்றனர்? அதனைத் தேடிச் சென்ற படம் நம்மிடம் எத்தனை உண்டு?

புகையிரதப் பாதையை எண்ணிப் பார்க்க. யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 இல் நின்றது. 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குச் சென்றன. நிலைய மேடைகளில் பற்றை வளர்ந்தது. மண்ணெண்ணெயும் பற்றரியும் பொருளாதாரத் தடையால் அரிதாயிருந்த அக்காலத்தில் படச்சுருளைப் பற்றி எண்ண யாருக்கு அவகாசம் இருந்தது? அதனைக் குறையாகக் கூறவில்லை. ஆனால் இன்று அவகாசம் உண்டு, தடையும் இல்லை. இன்றைய நிலையமும் மேடையில் காத்திருக்கும் இன்றைய பயணிகளும் நாளைக்கு வரலாறு என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

இலக்கியம் இவ்வேலையைச் செய்யவில்லையா எனில், செய்தது. நெடுந்தீவை அறியாதவர் செங்கை ஆழியானின் வாடைக்காற்றில் அதனை அறிந்தனர். அ. பாலமனோகரன் 1973 இல் வெளியிட்ட நிலக்கிளியில் தண்ணிமுறிப்பு என்னும் வன்னிச் சிற்றூர் நம் மனத்தில் குடியேறியது. எண்பதுகளில் அவ்வூர் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. நாவலைப் படித்த மாணவன் அக்காலத்துக் குளக்கட்டும் குடிசையும் காட்டுப்பாதையும் எவ்வாறு இருந்தன என்று கேட்டால், சொல்லைத் தவிர அவனிடம் நான் எதனைக் கொடுப்பேன்? சொல் உள்ளத்தைக் காட்டும். வேலியின் உயரத்தைச் சொல்லால் காட்டிவிட முடியாது. எழுத்தும் படமும் ஒன்றற்கொன்று துணை. எழுதத் தொடங்கும் இளைஞர் தம் கதைக்களத்தைப் படம் பிடித்து வைத்தல் அவர்தம் எழுத்துக்கும் நன்று.

இனி, படம் பிடிப்போர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சிதைவின் அழகில் மயங்குதல். பிலிம் கமரா கையில் வந்தவுடன் கூரையற்ற வீட்டையும் குண்டு துளைத்த சுவரையும் தேடிச் செல்லும் ஆர்வம் இளைஞரிடம் காண்கின்றேன். மங்கிய நிறத்தில் அது அழகாகவும் வருகின்றது. அந்த வீட்டுக்கு உரியவர் இருக்கின்றார். அவர் கையில் உறுதி இருக்கின்றது. அவர் இன்னமும் வழக்குப் பேசுகின்றார் அல்லது வெளிநாட்டில் ஏங்குகின்றார். அவர் துயரம் நம் சுவருக்கு அலங்காரம் ஆகக்கூடாது. சிதைந்ததை எடுப்பதாயின் அதன் பக்கத்தில் மீண்டும் நட்ட முருங்கையையும் எடுக்க. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரியே சிறந்தது என்பர் உரையாசிரியர். மாந்தர் வாழ்வை மறந்த படம் வெறும் காட்சியாகவே முடியும்.

இரண்டாவது, பெயரின்றி எடுத்தல். அயலவர் வந்து நம்மைப் பெயரில்லாத் தமிழராகப் படம் பிடித்தனர் என்று மேலே கூறினேன். நம்மவரே சந்தையில் மீன் விற்கும் அம்மாவைக் கேளாமல் எடுத்துவிட்டு, அவர் பெயரையும் அறியாமல் திரும்புவாராயின், அந்த அயலவருக்கும் இவர்களுக்கும் என்ன வேற்றுமை? கேட்டு எடுக்க; வேண்டாம் என்றால் விட்டுவிடுக; எடுத்தால் ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் இன்னாரை இன்னார் பாடியது என்னும் குறிப்பு இல்லாதிருந்தால், நாம் பாடம் சொல்லும் வரலாற்றில் பெரும்பகுதி இருந்திராது. படத்துக்கும் அவ்வடிக்குறிப்பு வேண்டும். ஊர், ஒழுங்கை, திகதி, பொழுது, எத்திசை நோக்கி எடுத்தது, படத்தில் உள்ளவர் யார், எடுத்தவர் யார் என்பவற்றைப் பென்சிலால் பின்புறத்தில் எழுதுக. உள்ளவர் தம் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதனை மதித்து, குறிப்பைப் பேணுவோரிடம் மட்டும் வைத்திருக்கலாம்.

செலவுக்கு வழி கூறுவேன் என்றேன். பாடசாலைக்கு ஒரு கமரா போதும்; பழைய மாணவர் எவரேனும் மகிழ்ந்து தருவர். ஒரு சுருளைப் பன்னிரண்டு மாணவருக்குப் பகிர்க. ஒருவருக்கு ஒரு படம். அந்த ஒன்றை எங்கே, எப்போது, ஏன் எடுப்பது என்று வகுப்பில் எழுந்து காரணம் கூறிய பின்னரே அவன் பொத்தானை அழுத்தலாம் என்று விதி செய்க. எடுத்தபின் அதுபற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்க. இதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சியை நான் அறியேன். வாசிகசாலைகள் தத்தம் ஊருக்கென ஓர் ஆல்பம் திறக்கட்டும். சிறு பட்டினங்களில் ஸ்ரூடியோ நடத்தி ஓய்ந்த முதியோரிடம் சென்று, அவர்கள் வைத்திருக்கும் நெகற்றிவ் பெட்டிகளைக் காணட்டும். வெள்ளிக்காக நிறுத்து விற்கப்படுமுன் கேட்டுப் பெறட்டும். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் தம்மோடு கொண்டு சென்ற படங்களைப் பிரதி செய்து அனுப்பட்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 தொடக்கம் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றோரிடமும் ஒரு பிரதி சேரட்டும்.

இவ்வளவும் பெரும் பணமோ அரசாணையோ வேண்டாத காரியங்கள். வேண்டுவது ஊரைப் பார்க்கும் கண்ணும் பெயரெழுதும் பென்சிலுமே. வரும் விடுமுறையில் நம் பாடசாலைகளுள் ஒருசிலவேனும் இதனைத் தொடங்கி, எடுத்த படங்களுள் சிறந்தவற்றை அடிக்குறிப்போடு இப்பகுதிக்கு அனுப்பினால், இடமளித்து வெளியிட ஆவன செய்வேன். நாம் வாழும் நிலம் எப்பொழுதும் இப்படியே இருக்கும் என்று ஒருமுறை நம்பி இருந்துவிட்டோம். இனியும் அவ்வாறு இருத்தல் நமக்குத் தகாது.